முன்பாதியை விழுங்காதே

கதவு சாத்தியிருந்தால் அம்மா, திறந்திருந்தால் பெரியம்மா. துவோதுவோவின் வீட்டு இலக்கணம் அவ்வளவுதான். ஆறு வயதுக்குள் அவள் படித்த படிப்பும் அவ்வளவுதான்.

அவள் பெயருக்கே 'கூடுதல், கூடுதல்' என்று அர்த்தம். பெற்றவர்கள் பெயர் வைக்க ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்பது சட்டம். அந்த ஒரு பிள்ளையின் இடத்தில் அண்ணன் ஹாய்தாவ் ஏற்கெனவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அதனால் வெளியார் கணக்கில் துவோதுவோ, அம்மா ஷூலானின் தங்கை மகள். விருந்தாட வந்தவள். ஆறு வருஷமாக விருந்தாடிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்தது தெரிந்தபோது அரசாங்க ஆட்கள் வந்து பன்றியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பன்றி போதவில்லை என்று வாசல் கதவையும் கழற்றிப் போனார்கள். துவோதுவோ சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பன்றிக்காக அவள் அழவில்லை. கதவே இல்லாத வீட்டில் அந்தப் பாப்பா இனி எப்படி அம்மா என்று கூப்பிடும் என்பதுதான் அவளுக்குக் கவலை.

இப்போது அவளே கதவில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹெனானிலிருந்து மேற்கே போகிற ரயிலில். பச்சைப் பெட்டி, மரப்பலகை இருக்கை. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர், இருக்கைக்கு அடியில் இரண்டு பேர், நடைபாதையில் உர மூட்டைப் பைகள், அந்தப் பைகள் மேல் மனிதர்கள். சின்ஜியாங்கில் அப்பாவின் சித்தப்பா பருத்திக் காட்டில் வேலை பார்த்தார். அங்கே வேலைக்கு ஆள் கேட்பார்களே தவிர, வீட்டுக்கு வந்து தலையை எண்ண மாட்டார்கள் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை நம்பித்தான் குடும்பம் கிளம்பியது. போய்ச் சேர நாள்கணக்காகும். அத்தனை நாளும் கதவு திறந்த நாள்.

ரயில் ஏறும் முன் அப்பா குந்தி உட்கார்ந்து பாடம் நடத்தியிருந்தார்.

"பாரு, அத்தைன்னு வச்சிருக்கலாம், மாமின்னு வச்சிருக்கலாம். நான் ஏன் பெரியம்மான்னு வச்சேன்? வாய் தவறினாலும் பாதிதான் தவறும். உள்ள அம்மா இருக்குல்ல? நீ முன்பாதியை மட்டும் முழுங்கிடாத. 'பெரி' முக்கியம். புரியுதா?"

"முழுங்கிட்டா?"

"முழுங்கினா இறக்கி விட்டுருவாங்க."

அப்பா எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னார். துவோதுவோ தன்னை மட்டும் என்று எடுத்துக்கொண்டாள். பெயர் தெரியாத ஊர், காலியான நடைமேடை, ரயில் போய்விட்ட தண்டவாளம், நடுவே தான். ஏறியதிலிருந்து அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் பேசும்போதெல்லாம் 'பெரி'யை அழுத்தி, சற்று நிறுத்தி, பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். கேட்கிறவர்களுக்குப் பிள்ளைக்குத் திக்குவாய் என்று தோன்றியிருக்கும்.

ஹாய்தாவுக்கு ஒன்பது வயது. தனக்கு உரிமையான சொல்லை அவன் அன்று வாரி இறைத்தான். "அம்மா, தண்ணி. அம்மா, சூரியகாந்தி விதை. அம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்." சன்னலுக்கு வெளியே சுவர் எழுத்து வந்தால் அதையும் உரக்கப் படித்தான். "ஒரு குடும்பம், ஒரு குழந்தை, நாட்டுக்கு நன்மை." படித்துவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கு. ஒவ்வொரு ஊர்லயும் எழுதியிருக்கு. நீ ரொம்பப் பிரபலம்."

எதிர் இருக்கையில் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, நீலச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு பேனா என்றால் பள்ளிக்கூடம். இரண்டு பேனா என்றால் அலுவலகம். எதிர்வீட்டுப் பன்றியைப் பிடிக்க வந்தவளின் சட்டையிலும் இரண்டு பேனா இருந்தது. துவோதுவோ மனதுக்குள் இவளுக்குப் பேனாக்காரி என்று பெயர் வைத்தாள். அவள் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றாள். பார்க்காமல் முடியவில்லை. பாம்பு இருக்கும் மூலையைத்தானே கண் தேடும்?

பேனாக்காரி விதை கொறித்துக்கொண்டே எல்லாரையும் விசாரித்தாள். எங்கே போகிறீர்கள், எந்த ஊர், என்ன சம்பளம், பல்லுக்கு என்ன ஆயிற்று. கடைசியில் முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"பாப்பா யாரு?"

"எங்க பெரி...யம்மா பொண்ணு. இல்ல. பெரி...யம்மாவோட தங்கச்சி பொண்ணு."

"அட! உங்க அம்மா எங்கம்மா?"

இதற்கு அப்பா பதில் கொடுத்து வைத்திருந்தார். "ஊர்ல இருக்கு. உடம்பு சரியில்ல."

"ஐயோ, உடம்புக்கு என்ன?"

இதற்கு அப்பா கொடுத்து வைக்கவில்லை. துவோதுவோ அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரை மின்விசிறியைப் பார்த்தார். அம்மா விதையை உரிக்காமல் விரலில் பிடித்திருந்தாள். பேனாக்காரி காத்திருந்தாள். இந்தக் கேள்விகள் இத்தோடு நின்றால் போதும், எதைச் சொன்னால் நிற்கும் என்று குழந்தை தேடியது. கிடைத்தது.

"செத்துப்போச்சு."

நின்றது. கேள்வி மட்டுமல்ல, சுற்றியிருந்த விதை கொறிக்கும் சத்தமும் நின்றது.

"ச்சு ச்சு ச்சு. தாயில்லாப் பிள்ளையா?" பேனாக்காரி பையைத் துழாவி தேயிலை நீரில் வேகவைத்த ஒரு முட்டையை எடுத்து அவள் கையில் திணித்தாள். பிறகு அம்மாவிடம் குனிந்தாள். "உன் கூடப் பிறந்தவளா தங்கச்சி?"

"ஆமாக்கா."

"எப்போ?"

"போன... குளிர்காலம்."

"நல்லவதானா?"

தன்னைப் பற்றித் தானே என்ன சொல்வது? ஷூலான் கொஞ்சம் யோசித்தாள். "சுமாரா இருப்பாக்கா," என்றாள். சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. நடிப்பு என்றால் நாடகக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள். நடிப்பில்லை. மகள் தன்னை உட்கார வைத்துக்கொண்டே குழியில் தள்ளியதைக் கேட்ட தாயின் கண்ணீர் அது.

துவோதுவோவுக்கு அது தெரியாது. அம்மா அழுவதை மட்டும் பார்த்தாள்.

ஹாய்தாவ் காதருகே வந்தான். "அறிவு கெட்டவளே. பயணத்துல சாவுன்னு வாயைத் திறக்கலாமா? திறந்தா பலிச்சிரும். யாரைச் சொன்னியோ அவங்களுக்கே. அதான் அம்மா அழுவுது. அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

"பொய்."

"பொறுத்துப் பாரு."

முட்டை கையிலேயே ஆறிப்போனது. அவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இருமினாள். துவோதுவோ இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அம்மா கண்ணை மூடிச் சாய்ந்தாள். துவோதுவோ அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்ன பண்ற?" என்றாள் அம்மா கண் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல பெரி...யம்மா."

பாவ்ஜியில் ரயில் வெகுநேரம் நிற்கும் என்றார்கள். எஞ்சின் மாற்றுவார்களாம். அப்பா அதற்குள் கழிப்பறை வரிசையில் போய் நின்றிருந்தார். அந்த வரிசையில் நின்றவர்கள் பக்கத்தில் நிற்பவரோடு உறவு கொண்டாடும் அளவுக்குப் பழகிவிடுவார்கள். பெட்டியில் வெந்நீர் தீர்ந்துவிட்டது. அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, வாசலில் நெரிசல் என்பதால் சன்னல் வழியாகவே நடைமேடையில் குதித்தாள்.

"பெரியம்மா, போகாத," என்றாள் துவோதுவோ. முதல் முறையாகத் திக்காமல் வந்தது.

"குழாய் அதோ இருக்கு. இப்ப வந்துடுறேன்."

அவள் நீலத் தலைத்துணி கூட்டத்தில் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு எல்லாத் தலையிலும் நீலத் துணி.

முன்பக்கம் எங்கோ இரும்போடு இரும்பு மோதியது. பெட்டி ஒரு குலுக்கு குலுங்கியது. புது எஞ்சின் வந்து கோத்துக்கொண்டது. நடைமேடையில் இருந்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

"போச்சு," என்றான் ஹாய்தாவ். அவன் முகத்தில் கேலி இல்லை. அண்ணனும் பயப்படுகிறான் என்றால் அவன் சொன்னது உண்மை. தான் சொன்னது பலித்துவிட்டது. அம்மா எங்கோ அந்தக் கூட்டத்தின் காலடியில் விழுந்து கிடக்கிறாள்.

அவள் இருக்கையின் மேல் ஏறிச் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள்.

"பெரியம்மா!"

ஏழெட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அத்தனை பேரும் யாருக்கோ பெரியம்மா. அதில் ஒருத்தி முட்டைக்கூடையோடு ஓடிவந்து, "எத்தனை வேணும் கண்ணு?" என்றாள்.

"பெரியம்மா! பெரியம்மா!"

"இதோ இருக்கேனே, எத்தனைன்னு சொல்லு!"

ஊதல் ஊதியது. அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது, முன்பாதி இல்லாமல், முழுசாக. பின்னால் பேனாக்காரி அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை விழுந்துவிடாமலிருக்கத்தான் பிடித்தாள். துவோதுவோவுக்கு அது கைது. அந்தச் சொல்லைச் சொன்னால் இந்தக் கை அப்படியே வெளியே தள்ளிவிடும். சொல்லாவிட்டால் அம்மா இல்லை. இரண்டு சொல்லும் பயன்படாது என்று ஆனபோது, கூட்டத்தில் ஒரே ஒருத்தி மட்டும் திரும்பக்கூடிய மூன்றாவது சொல் ஒன்று ஞாபகம் வந்தது. கோபம் வந்தால் அப்பா முற்றத்தில் நின்று கத்துகிற சொல். பெற்றவர் பெயரைப் பிள்ளை வாயால் சொன்னால் பல் உடையும். உடையட்டும்.

"ஏய்! மெங் ஷூலான்!"

அப்பாவின் அதே குரல், அதே முறைப்பு. நடைமேடை ஒரு கணம் திகைத்தது. குழாய்ப் பக்கமிருந்து ஒரு நீலத் தலைத்துணி, பதினோரு வருஷத் தாம்பத்தியப் பழக்கத்தில், "தோ வந்துட்டேன்!" என்று விலுக்கென்று திரும்பியது.

திரும்பிய பிறகுதான் ரயில் நகர்வதைப் பார்த்தாள். பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பேனாக்காரி துவோதுவோவை உள்ளே வீசிவிட்டு, சன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டி ஷூலானின் அக்குளில் பிடித்து இழுத்தாள். ஹாய்தாவ் சட்டைக் காலரை இழுத்தான். வெளியே முட்டைக்காரி இடுப்பில் ஒரு தள்ளு தள்ளினாள். ஷூலான் மூட்டை மாதிரி வந்து எல்லார் மடியிலும் விழுந்தாள்.

எழுந்தாள். மூச்சு இரைத்தது. துவோதுவோவின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"பேரைச் சொல்லியா கூப்பிடுற? இத்தனை பேர் கேட்க! பெத்த தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுற பிள்ளையை எங்கயாவது கண்டதுண்டா? பத்து மாசம் சுமந்து..."

அங்கே நின்றுவிட்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. நாளெல்லாம் குழந்தை திக்கித் திக்கிக் காப்பாற்றியதைத் தாய் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பேனாக்காரி இருக்கையில் மெல்ல உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டு ரயில் சீருடைக்காரர் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"யாரு சன்னல்ல தொங்கினது? யாரு வீட்டுப் பிள்ளை இது?"

ரயிலில் பிள்ளைகளைத் திட்டுகிற எவரும் முதலில் கேட்பது அதைத்தான். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதி நாட்டைத் தாண்டக் கிளம்பியிருந்தது. ஹாய்தாவ் தன் காலைப் பார்த்தான். துவோதுவோ வாயைத் திறந்தாள். தங்கச்சி பொண்ணு, ஊரில், உடம்பு, குளிர்காலம், எல்லாம் கலந்து நாக்கில் சிக்கிக்கொண்டது.

"காது கேட்கல? யாரோடது?"

ஷூலான் பேனாக்காரியைப் பார்த்தாள். மறைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"என்னுது," என்றாள். குரல் கம்மியிருந்தது. இன்னொரு முறை சொன்னாள். "என் பொண்ணு."

"உன்னுதுன்னா பிடிச்சு வை. விழுந்தா யாரு பொறுப்பு?" சீருடைக்காரர் சன்னலை இறக்கிவிட்டு, அடுத்தவரைத் திட்டப் போய்விட்டார்.

அவர் போன வழியாகவே அப்பா, ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, உலகம் மாறியது தெரியாமல் வந்து சேர்ந்தார். மகள் அழுவதைப் பார்த்தார். பேனாக்காரியிடம் பல்லைக் காட்டினார்.

"தொந்தரவு பண்ணிடுச்சாக்கா? தாயில்லாப் பிள்ளை பாருங்க, அதான் கொஞ்சம்..."

"தாய் இப்பத்தான் சன்னல் வழியா ஏறி வந்தா," என்றாள் பேனாக்காரி. "நான்தான் இழுத்துப் போட்டேன். நல்ல கனம்."

அப்பாவின் பல் அப்படியே வெளியில் நின்றது. உள்ளே போக வழி தெரியவில்லை.

பேனாக்காரி சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். நான்கு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மூடியைக் கழற்றினாள். மூடியின் கொக்கியால் காதைக் குடைந்தாள். நிதானமாக, சுகமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. கேட்டதை வெளியே எடுத்துப் போடுகிறாளா, இனி வருவதை நன்றாகக் கேட்பதற்கா என்று யாருக்கும் விளங்கவில்லை. துடைத்து, மூடி, பைக்குள் செருகினாள்.

"எங்க இறங்குறீங்க?" என்றாள்.

"ரொம்ப தூரம்க்கா," என்றார் அப்பா ஈனக் குரலில்.

"நான் லான்ஜோ வரைக்கும்," என்றாள் அவள். லான்ஜோ பக்கத்தில் இல்லை. அதுவரை அவளும் இந்தக் குடும்பமும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா துவோதுவோவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடித்த முதுகில் கையை வைத்திருந்தாள். உண்மையைச் சொல்லியாயிற்று, ஆனாலும் ரயில் நிற்கவில்லை, யாரும் யாரையும் இறக்கிவிடவில்லை. அதை நம்பலாமா என்று குழந்தைக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் தெரியவில்லை என்பது அவர்கள் மூச்சில் தெரிந்தது.

பாவ்ஜி தாண்டினால் மலை. ரயில் முதல் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஒரே இருட்டு, காது கிழியும் இரைச்சல். துவோதுவோ வாயைத் திறந்தாள். பழக்க தோஷம், 'பெரி' முந்திக்கொண்டு வந்து நின்றது. அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. எதிரே பேனாக்காரி.

அடுத்த சுரங்கம். இந்த முறை முன்பாதியை விழுங்கினாள்.

"அம்மா."

இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் கன்னம் அம்மாவின் கழுத்தில் பட்டிருந்தது. அம்மா குனிந்து காதில் கேட்டாள்.

"என்னடி?"

சும்மாதான் கூப்பிட்டாள். வெளிச்சம் வந்தது. பேனாக்காரி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துவோதுவோ வாயை இறுக மூடிக்கொண்டு, அடுத்த மலை எப்போது வரும் என்று சன்னல் வழியே பார்த்திருந்தாள்.