சூடானால் நிற்கும்

டிராக்டர் மறுபடியும் வயலின் நடுவில் நின்றது. இருமல் இல்லை, திக்கல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி பொசுக்கென்று நின்றது. வெர்லின் டெஸ்மர் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திவிட்டு, வலியில் கையை உதறிக்கொண்டான்.

"ஆச்சா?" என்றாள் வேலியோரம் நின்ற அவன் மனைவி ஆர்லிஸ்.

"ஆச்சு. அம்மணி மத்தியானத் தூக்கம் போடுறாங்க."

சில நாளாகவே இதே கூத்துதான். அரைமணி நேரம் ஓடும், நிற்கும். எஞ்சின் ஆறும்வரை உட்கார்ந்து திட்டவேண்டும். ஆறியபின் தொட்டதும் கிளம்பும், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. அறுத்துப் போட்ட புல் வயல் முழுக்கக் காய்ந்து கிடந்தது. அதை வாரி, எந்திரத்தில் கட்டாகக் கட்டிக் கொட்டகையில் அடைத்தால்தான் விஸ்கான்சின் குளிருக்குப் பதினெட்டு மாடுகளுக்குத் தீனி. நாளை மத்தியானம் மழை என்று ரேடியோ சொல்லிவிட்டது. நனைந்தால் புல் கறுத்துவிடும். மாடுகள் ஏலத்துக்குப் போகவேண்டியதுதான்.

டிராக்டர் அவர்களுடையதும் இல்லை. நிலத்தோடு குத்தகைக்கு வந்த பழைய பெட்ரோல் வண்டி. உரிமை நிலக்காரர் ஆஸ்பிக்கு, ரிப்பேர் வெர்லினுக்கு. பிளக் மாற்றினான். பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தான். புது கண்டென்சரும் போட்டாயிற்று. சாலையில் போனவனெல்லாம் வண்டியை நிறுத்தி, கார்புரேட்டர் என்றான், பெட்ரோலில் தண்ணீர் என்றான்.

"ஊரெல்லாம் டாக்டர்" என்றாள் ஆர்லிஸ். "செலவு மட்டும் நமக்கு. பொறி கொடுக்கற காயிலைப் பாத்தியா?"

"காயில் நல்லாருக்கு. டவுன் மெக்கானிக் ரெண்டு தரம் சோதிச்சாச்சு. பொறி நீலமா சடசடன்னு வருது."

"எப்பச் சோதிச்சாரு? நீ கழட்டி, பிக்கப்புல போட்டு டவுனுக்குக் கொண்டுபோயி, அவரு காப்பி குடிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தானே? சூடானாத்தான் நிக்குதுங்கறே, ஆறினப்புறம் சோதிக்கறே. காய்ச்சல் விட்டப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு!"

வெர்லின் காயிலை முறைத்துப் பார்த்தான்.

ஆர்லிஸ் பால் கறந்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறை முழுக்கத் தார் நாற்றம். ஓவனைத் திறந்தாள். மறுநாள் ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்காக, புளிப்பு ரூபார்ப் தண்டை மாவுக்குள் வைத்து அவள் சுடவைத்திருந்த பைக்குப் பக்கத்தில், தகரத் தட்டின்மேல், உள்ளே அடைத்த தார் உருகிக் கசிய, காயில் உட்கார்ந்திருந்தது.

"வெர்லின்! ஏ மனுஷா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"கத்தாதே. நீதானே சூடாச் சோதிக்கச் சொன்னே."

"என் அடுப்புலயா சொன்னேன்?"

அவன் ஓவன் கையுறையோடு காயிலை எடுத்துக்கொண்டு ஓடினான். மாட்டினான். பிளக் வயரைப் பிடுங்கி எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவளைச் சாவி திருப்பச் சொன்னான். எஞ்சின் சுழன்றது. பொறி வரவில்லை.

"செத்துப்போச்சு!" என்று குதித்தான், பிள்ளை பிறந்தவன் மாதிரி. "ஆர்லிஸ், சூட்டுல செத்துப்போச்சு!"

புதுக் காயில் வாங்கக் கடை திறந்திருக்காது, நாளைக்கும் விடுமுறை. அவன் யோசிக்கவே இல்லை. தன் பழைய பிக்கப்பின் காயிலைக் கழற்றி டிராக்டரில் போட்டான். இருட்டும்வரை ஓடியது, ஒருமுறைகூட நிற்கவில்லை. புல் முழுவதையும் வாரி வரிசையாக்கிவிட்டு வந்து, இருவரும் தார் நாறும் பையைச் சிரித்துச் சிரித்துத் தின்றார்கள்.

காலையில் பனி உலரட்டும் என்று காத்திருந்து, கட்டு எந்திரத்தைப் பின்னால் மாட்டி முடித்த நேரத்தில் ஆஸ்பி வந்தார். தலையில் கொடி குத்திய வைக்கோல் தொப்பி, கையில் ஒரு பை மிட்டாய். கொண்டுவந்து விட்ட கார் உடனே திரும்பிப் போய்விட்டது.

"ஓடுதாமே!" என்றார். "போன வருஷம் ஜூலை நாலு ஊர்வலத்துல டிரெய்லர்ல ஏத்தித்தான் காட்டினேன். மானம் போச்சு. இந்தத் தடவை ஓட்டிட்டே போறேன்."

"இன்னைக்கா? மிஸ்டர் ஆஸ்பி, புல்லு அத்தனையும் தரையில கிடக்கு. மத்தியானம் மழைங்கறான். கொஞ்ச நேரம் விடுங்க, கட்டிருவோம்."

"ஊர்வலம் எனக்காக நிக்குமா? ரேடியோக்காரன் சொல்லி என்னிக்கு மழை பெஞ்சிருக்கு?"

"அப்ப காயிலையாவது கழட்டிக்கறேன். அது என் பிக்கப்போடது. அது இல்லாட்டி பிக்கப் ஓடாது, யார்கிட்டயும் போய் டிராக்டர் கேக்கக்கூட முடியாது."

"கழட்டினா இது எப்படிப்பா ஓடும்?" ஆஸ்பி சிரித்தார். ஏறி உட்கார்ந்தபின் சிரிப்பில்லாமல் சொன்னார்: "அக்டோபர்ல குத்தகை முடியுது, இல்ல?"

வெர்லினே குனிந்து கட்டு எந்திரத்தின் இணைப்பு ஆணியைப் பிடுங்கி, டிராக்டரை விடுவித்தான்.

ஆர்லிஸ் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போன் போட்டாள். டிராக்டர் வைத்திருந்தவர்கள் தங்கள் புல்லில் இருந்தார்கள், அல்லது ஊர்வலத்தில். இருவரும் கவைக்கோலை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்கள். குவித்த மட்டும் தார்ப்பாயால் மூடினார்கள். ஒரு மூலைகூட முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

"அவன் தொப்பியில இடி விழ" என்றாள் ஆர்லிஸ். அழுதாளா, மழையா, வெர்லின் பார்க்கவில்லை.

மழை தூறலாகிவிட்டபோது அவர்கள் இன்னும் வயலில்தான் இருந்தார்கள். நனைந்த புல்லைப் புரட்டிப் போட்டால் பாதியாவது தேறாதா என்று. சாலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. ஆஸ்பி மழைக்கோட்டில் வந்துகொண்டிருந்தார். பானட்டில் நீல ரிப்பன் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வழியில ஒரு தடவைகூட நிக்கலை, வெர்லின்! முதல் பரிசு!" என்று கத்தினார். ஊர்வலத்தில் கூட்டத்துக்கு வீசி மிஞ்சிய மிட்டாயை ஒரு கை அள்ளி, வேலிக்கு மேலாக அவர்களைப் பார்த்து வீசினார். ஜிகினாத் தாள் சுற்றிய மிட்டாய்கள் ஈரப் புல்லுக்குள் எங்கெங்கோ விழுந்தன.

"பொறுக்கு" என்றாள் ஆர்லிஸ். "தாளோட மாடு முழுங்கிரும்."

இருவரும் குனிந்து புல்லை விலக்கி விலக்கித் தேடினார்கள். ஆஸ்பி வண்டியை மெதுவாக்கி அதைப் பார்த்தார்.

"இந்தாங்க, இன்னும் இருக்கு!" என்று சிரித்து, பையைக் கவிழ்த்து மிச்சத்தையும் அள்ளி எறிந்தார்.