பட்டனுக்குத் தெரிந்த விரல்

மேரிசெல்விக்கு இருந்தது ஒரே ஆசை. மரக்காணம் உப்பளத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். குயிலாப்பாளையத்தில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி, விளையாடிப் பார்த்துத் தப்பு சொல்ல ஓர் ஆள் தேடியது. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர்: அவளும், திண்டிவனத்தில் காலேஜ் முடித்த தமிழ்வேந்தனும். மூன்று கார் ரேஸ். இரண்டில் ஜெயிப்பவருக்கு வேலை.

முதல் ரேஸ் பட்டன் வைத்த கையடக்க கேம் மெஷினில். அதில் அவளை அசைக்க முடியாது. பக்கத்து வீட்டு நஸ்ரியாவுக்கு அவள் புருஷன் துபாயிலிருந்து அனுப்பியதும் அதே மெஷின்தான். இரண்டே நாளில் அலுத்துப்போய் நஸ்ரியா அதை இவளிடம் தள்ளிவிட்டாள். எட்டு மாதமாக இவள் கீழே வைக்கவில்லை. அரைச் சுற்று முந்தி ஜெயித்தாள்.

"இந்த டப்பாவ இனிமே யாரு மேடம் வாங்கப் போறாங்க?" என்றான் தமிழ்வேந்தன், போட்டியை நடத்திய செந்தமிழிடம். "எல்லாம் போன்லயே வந்துடுச்சு. அஞ்சு வருஷத்துல இது காயலான் கடைக்குத்தான்."

"நாங்க ரெண்டுக்கும்தான் கேம் பண்றோம். ரெண்டும் தெரிஞ்ச ஆளுதான் வேணும்" என்றாள் செந்தமிழ். "அடுத்தது போன்."

மேரிசெல்வி தன் கையைப் பார்த்தாள். ஆறு வருஷம் உப்பு வாரிய கை. கட்டைவிரல் தோல் காய்த்து, வெடித்து, கட்டையாகிவிட்டது. பட்டன் அழுத்தினால் அமுங்கும். யார் விரல் என்று பார்க்காது. போன் கண்ணாடிக்கோ தோல் ஈரப்பதமாக இருக்க வேண்டும். இன்றைக்காவது உப்புப் பாத்தியில் இறங்காமல் இருந்திருக்கலாம். கூட வாருகிறவர்களை விட்டு வர மனசு வராமல், விடியற்காலையில் நாலு கூடை வாரிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அந்தப் புத்தியை என்ன சொல்வது!

பயந்தபடியே ஆனது. வளைவில் அழுத்தினாள், கார் நேரே போய்ச் சுவரில் மோதியது. மூன்று தரம் அப்படியே. அந்த ரேஸ் அவனுக்குப் போனது.

"அக்கா, லேசா தொட்டாலே போதும். ஏன் குத்துறீங்க?" என்று தமிழ்வேந்தன் சிரித்தான். அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது.

மூன்றாவது ரேஸ் எதில் என்று, கடைசியாக ஜெயித்தவர் சொல்ல வேண்டும். "போன்" என்றான் அவன், யோசிக்காமல்.

திரையில் மூன்று, இரண்டு என்று எண் ஓடியது. அவளுக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்தது. கைரேகை மெஷின் பிடிக்காவிட்டால், கூட உப்பு வாரும் மாரியம்மாள் விரலை நாக்கில் தொட்டு, முந்தானையில் ஒற்றிவிட்டு வைப்பாள். உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் இங்கே, ஏசி அறையில், இவர்கள் முன்னாலா? மானம் பார்த்தால் நாளைக்கும் பாத்திதான். கட்டைவிரலை வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது.

முதல் வளைவில் கார் திரும்பியது. நேர்ப்பாதை வந்தால் விரல் நாக்குக்கு, வளைவு வந்தால் கண்ணாடிக்கு. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். ஆனாலும் கடைசிச் சுற்றில் அவன்தான் முன்னால். ஏசி காற்றில் விரல் காய்ந்துகொண்டே வந்தது, நாக்கும் வறண்டுவிட்டது. கடைசி வளைவு நெருங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றியில் வழிந்த வேர்வையில் விரலை ஒரு தேய் தேய்த்து அழுத்தினாள். பிடித்தது! அவன் காரை உரசிக்கொண்டு இவள் கார் கோட்டைத் தாண்டியது.

செந்தமிழ் கை கொடுத்தாள். மேரிசெல்வி கையின் சொரசொரப்பை உணர்ந்திருப்பாள். "திங்கக்கிழமையிலேருந்து வந்துடுங்க. வாசல்ல அட்டெண்டன்ஸ் மெஷின் இருக்குது, விரலைப் பதிஞ்சிட்டுப் போங்க."

செந்தமிழ் கூட வர, வாசலில் மேரிசெல்வி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தாள். மறுபடியும் சிவப்பு. வாயில் தொட்டு வைத்தாள். அப்போதும் சிவப்புதான்.

"மேடம்," என்று மெதுவாகத் திரும்பினாள். "இதுல பட்டன் எதுவும் இல்லீங்களா?"