கத்தாத கேட்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய காதுகளுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. எங்கே எது முனகினாலும், கிறீச்சிட்டாலும், லொடலொடத்தாலும் அந்தக் காது நிமிர்ந்துகொள்ளும். அடுத்த நொடி கை சட்டைப் பையில் இருக்கும் சின்ன எண்ணெய் டப்பாவைத் தேடும். கல்யாணத்துக்குப் போனாலும் மனுஷர் முதலில் நலம் விசாரிப்பது மண்டபத்துக் கதவைத்தான்.

வேலையில் இருந்தபோது அவருக்கு ஒரு பழக்கம். லிஃப்டில் புதிதாக ஏதாவது சத்தம் வந்தால் கம்பெனிக்கு போன் செய்து, அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். "சார், கர்ர்… டக், கர்ர்… டக்னு வருது." அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டுவிட்டு, எது தேய்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு புதிதை அனுப்பிவைப்பார். அந்தக் கம்பெனி மெக்கானிக்குகள் எல்லோருமே அப்படித்தான். ஆனால் இவர் செய்தால் நிஜ லிஃப்ட் தோற்றுப்போகும் என்று பேச்சு. மற்றபடி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். இத்தனை வருடத்தில் என்னிடம் பேசியதைவிட லிஃப்ட்டுக்காகக் கத்தியதுதான் அதிகம்.

நான் பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தவள். ஊரில் உள்ளவர்களை எல்லாம் வெளியூருக்கு அனுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடற்கரை ஊருக்குப் போகிற பஸ் என் ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் நிற்கும். அதிலிருந்து இறங்குகிறவர்களின் செருப்பில் மணல் ஒட்டியிருக்கும். அந்த மணலைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர கடலைப் பார்த்ததில்லை. சாவதற்குள் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும், அதுவும் இவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்க்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் ஓட்டல் வாடகையை நினைத்தாலே நெஞ்சை அடைத்தது.

வழி கண்டுபிடித்தவள் எங்கள் மகள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்கள், செடிக்கும் பூனைக்கும் காவலாக ஆள் தேடுகிறார்களாம். நாம் போய் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டால் தங்குவதற்குக் காசு கிடையாது. இதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது.

"அவங்களுக்கு வீட்டைப் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, நீங்க ஊரைப் பாத்த மாதிரியும் ஆச்சும்மா. ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்காரங்க உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதணும். அப்பதான் அடுத்த வீடு கிடைக்கும்," என்றாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் வீட்டுக்காரர் பிடித்துப் பார்த்ததோடு விடாமல் பல்லை விளக்கியும் விட்டார். முதல் வீட்டில் ஜன்னல்கள் அத்தனையும். அடுத்த வீட்டில் ஒரு தையல் மெஷின், ஒரு அலமாரி, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜை. கேட்டால், "சும்மா தங்கறோம், ஏதாச்சும் செய்ய வேண்டாமா?" என்பார். அந்த ஊர்களில் நான் சுற்றிப் பார்த்ததெல்லாம் அவருடைய முதுகைத்தான். ஓர் ஊரில் பெரிய ஏரி இருந்ததாம். வீடு திரும்பிய பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்.

அதற்கடுத்துக் கிடைத்தது ஒரு பல் டாக்டரம்மாவின் வீடு. அதே சமயத்தில் கடற்கரை ஊரில் ஒரு வீடு இருப்பதைப் பார்த்து மகள் எழுதிப் போட்டிருந்தாள். அது கப்பலில் வேலை பார்க்கும் ஒருவருடையது. 'பல் டாக்டர் உங்களைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று அவர் பதில் போட்டார். ஆக, என் கடல் முழுவதும் டாக்டரம்மாவின் நாலு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா தனியாக இருப்பவர். மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பிக்கொண்டிருந்தார். போகும் முன் வீடு முழுக்க அழைத்துப்போய்க் காட்டினார். எந்தச் செடி தண்ணீர் கேட்கும், எது கேட்காது, குளியலறைக் குழாயை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் மேனேஜரிடம் வந்தார். மேனேஜர் என்பது பூனை. வயதான கடுவன். ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று மங்கல். ஆனாலும் நடையைப் பார்த்தால் பேங்க் மேனேஜர் கவுன்ட்டர்களைச் சுற்றி வருவது போலத்தான் இருக்கும்.

"பகல்ல எந்தச் சுவர் மேல கிடப்பான்னு எனக்கே தெரியாது. சாயங்காலம் நான் கிளினிக்லேர்ந்து வந்ததும் தானா வந்து சாப்பிடுவான். நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்," என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. சாயங்காலம் கடைத்தெரு வரை போய்விட்டு வந்து இரும்புக் கேட்டைத் தள்ளுவோம். அது 'க்ரீஈஈ… ங்ஙீக்' என்று தெருவே கேட்கும்படி கத்தும். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எங்கிருந்தோ இறங்கி வந்து தட்டின் முன்னால் உட்காருவார். நான் டின்னைத் திறந்து போடுவேன். சாப்பிட்டுவிட்டு, நன்றி என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் போல எழுந்து போவார்.

கேட் கத்தும்போதெல்லாம் என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்தவர் முகம் வரும்.

"கை வைக்காதீங்க. நாளைக்கு மியூசியம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கீங்க," என்றேன்.

"ம்," என்றார்.

மறுநாள் காலையில் தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு நான் வெளியே வந்தால், கேட் கழன்று தரையில் படுத்திருந்தது. பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இவர் கீல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மியூசியம் அத்தோடு சரி. மத்தியானம் கேட் எழுந்து நின்றபோது, ஒரு விரலால் தொட்டால் போதும், மூச்சுக்கூட விடாமல் திறந்தது. இவர் அதைத் திறந்து திறந்து மூடி, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் மேனேஜர் வரவில்லை.

எங்காவது விருந்து சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த நாள் சாயங்காலமும் வரவில்லை. தட்டில் போட்டது காய்ந்து எறும்பு மொய்த்தது. தெரு முழுக்க நடந்தோம். "மேனேஜர், மேனேஜர்" என்று நான் கூப்பிட, பேன்ட்டும் டையும் போட்ட ஒருவர் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க," என்றார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வீடியோவில் கூப்பிட்டார். பேத்தியைக் காட்டிவிட்டு, "எங்க மேனேஜரைக் கொஞ்சம் காட்டுங்களேன்," என்றார்.

"இப்பதான் சாப்பிட்டுட்டுப் படுத்தான். எழுப்பவா?" என்றேன். எழுப்பச் சொல்லியிருந்தால் எதை எழுப்பியிருப்பேனோ தெரியாது. நல்லவேளை, வேண்டாம் என்றார். பக்கத்தில் இவர் தேள் கொட்டிய திருடன் போல உட்கார்ந்திருந்தார்.

போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் தெரியாத ஜீவன் எங்கே அடிபட்டுக் கிடக்கிறதோ என்று பயமாக இருந்தது. பூனையைத் தொலைத்தவர்களுக்கு எந்தக் கப்பல்காரர் வீடு கொடுப்பார்? பூனைக்காக அழுதாயா கடலுக்காக அழுதாயா என்று கேட்டால், இரண்டுக்கும்தான் அழுதேன்.

மறுநாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து பேக்கரிக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"உங்க கேட்டை யாரு சரி பண்ணாங்க? புண்ணியமாப் போச்சு. ஆனா ஒண்ணு, எனக்குச் சாயங்காலம் ஆனதே தெரிய மாட்டேங்குது. அது கத்தினா டாக்டரம்மா வந்துட்டாங்க, அடுத்த ரொட்டிக்கு மாவை எடுக்கணும்னு கணக்கு."

குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். மனுஷருக்கே அதுதான் கணக்கு என்றால் கண் தெரியாத பூனைக்கு? நேராக உள்ளே போனேன்.

"பூனையைத் தொலைச்சது நீங்கதான்," என்றேன். "கேட் கத்தினாதான் அதுக்குச் சாப்பாடு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா, கத்திக்கிட்டிருந்த கேட்டை வாயடைச்சுக் கெடுத்துட்டீங்க."

இவர் எழுந்து போய்க் கேட்டை மறுபடி கழற்றினார். கீல்களை மண்ணெண்ணெயில் கழுவினார். மணலைப் பூசினார். உப்புத் தண்ணீர் தெளித்தார். கேட் ஒரு முனகல் முனகியது, அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போன காலமெல்லாம் சத்தத்தை அடக்கிய கைக்கு, சத்தம் போட வைக்கத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா செஞ்சுட்டேன்," என்றார் பரிதாபமாக. "இனிமே பத்து வருஷத்துக்குக் கத்தாது."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "கம்பெனிக்கு போன் பண்ணிச் சொல்வீங்களே, அந்த மாதிரி சொல்லிப் பாருங்க."

"தெருவுலயா?"

"மேனேஜர் தெருவுலதானே இருக்கார்."

ஆட்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரம். இவர் கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. கேட்டைத் தள்ளிக்கொண்டே வாயைத் திறந்தார். 'க்ரீஈஈஈ…'

தெருவில் போன இரண்டு பெண்கள் கேட்டைப் பார்த்தார்கள், பிறகு இவரைப் பார்த்தார்கள், பிறகு வேகமாக நடந்தார்கள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்து, "மறுபடி கெட்டுப் போச்சா?" என்றார். பூனை மட்டும் வரவில்லை. இவர் கண்ணை மூடி யோசித்தார். "கடைசில ஒண்ணு விட்டுட்டேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேட்டை மூடி, மறுபடி தள்ளினார். 'க்ரீஈஈ… ங்ஙீக்.'

பேக்கரிக் கூரையின் மேல், அடுப்புச் சூடு வருகிற ஓரத்திலிருந்து மேனேஜர் எழுந்து நின்றார். சோம்பல் முறித்தார். சுவரில் இறங்கி, எங்களைத் தாண்டி, தட்டைப் பார்த்து நடந்தார். இவ்வளவு தாமதமாகவா வருவது என்று எங்களைத்தான் கோபித்துக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இவர் கேட்டில் நின்று கத்தினார். ஊரார் கூடியிருக்கும் இடத்தில் தும்மவே கூச்சப்படுகிறவர். எனக்காகத்தான் செய்தார். அவர் மேல் அன்றைக்கு வந்த பிரியம், கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

டாக்டரம்மா ஊர் திரும்பிய அன்று கேட்டைத் தள்ளினார். சத்தமில்லை. நின்றார். மூடிவிட்டு மறுபடி தள்ளினார்.

"கேட்டுக்கு என்ன ஆச்சு?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் இவர் முன்னால் போய் நின்றார். "நான்தான் டாக்டர் எண்ணெய் போட்டேன். உங்க பூனை ரெண்டு நாள் பட்டினி கிடந்துச்சு. இவ மேல தப்பே இல்ல. எங்களைப் பத்தி எழுதறப்ப அதையும் எழுதிடுங்க."

ஆயுளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். என் கடல் அந்த இடத்திலேயே வற்றிப்போயிற்று.

"அது கத்தணும்னுதான் யாரையும் கிட்டயே விடாம வச்சிருந்தேன்," என்றார் டாக்டரம்மா. "உங்ககிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. தங்க வர்றவங்க கேட்டைக் கழட்டுவாங்கன்னு யாரு நினைப்பா? சரி, இப்ப எப்படிச் சாப்பிட வர்றான்?"

இவர் செய்து காட்டினார். மேனேஜர் வந்தார். டாக்டரம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும்தான் கவலை வந்தது. "நீங்க போயிட்டா நான் என்ன பண்றது?"

ஆகவே கிளம்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, அவருக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தோம். நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்கிறவரிடம், "இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க டாக்டர்," என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா எழுதியதை எங்கள் மகள்தான் படித்துக் காட்டினாள். 'இவர்களை நம்பி வீட்டையும் கொடுக்கலாம், பூனையையும் கொடுக்கலாம். எண்ணெய் டப்பாவை மட்டும் வாங்கி ஒளித்து வைத்துவிடுங்கள்.' கடல் போயே போயிற்று என்று நினைத்தேன். அன்றைக்கே கப்பல்காரரிடமிருந்து பதில் வந்தது. 'உப்புக் காற்றில் என் வீட்டில் கத்தாத கதவே கிடையாது. டப்பாவோடு உடனே வரவும்.'

கடல் கிடைத்துவிட்டது, ஆளை இழந்துவிடுவேன் போலிருந்தது.

பயந்தபடியேதான் இருந்தது அந்த வீடு. வாசல் கதவு அலறியது, ஜன்னல்கள் அழுதன, குளியலறைத் தாழ்ப்பாள் இருமியது. இவருடைய காது நிமிர்ந்தது. கை பைக்குள் போயிற்று. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே நடந்தேன்.

கடல் பெரிதாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வந்து காலைத் தொட்டதும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் ஆள் நிழல் விழுந்தது. பார்த்தால் இவர், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு.

"கதவு?" என்றேன்.

"கத்தட்டும்."

கையைப் பார்த்தேன். டப்பா இல்லை. அலை வந்தது, போயிற்று. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, கம்பெனிக்குச் சொல்லணுமா?" என்றேன்.

சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. வாயைக் குவித்து அந்தச் சத்தத்தைச் செய்து பார்த்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவையும் செய்தார்.

"வர மாட்டேங்குது," என்றார்.

"வர்ற வரைக்கும் இருந்து கேளுங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.