பிரிஞ்சிருந்தீங்களா?

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. சிம்மக்கல்லில் வக்கீலாக இருக்கும் என் நண்பர் பஞ்சாபகேசன் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே சொன்னார்: "உம்ம கதைகள்ல அண்ணா தம்பியெல்லாம் கடைசியில ஒண்ணு சேர்ந்துடறா. எங்க கோர்ட்ல அவா ஒண்ணா இருந்தா ஒருத்திக்குச் சோறு போயிடும் ஓய்!"

தாம் நடத்திய ஒரு வழக்கைச் சொல்லி அவர் விளக்கியது இது. பிள்ளையில்லாதவன் உயில் எழுதாமல் இறந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவனோடு ஏற்கெனவே பாகம் பிரிந்திருந்தால், அவன் பங்கு மனைவிக்கு, அவள் ஆயுள்வரை. பிரியாத குடும்பமானால் முழுதும் கூடப் பிறந்தவனுக்கு. அவளுக்கு ஜீவனாம்சம் மட்டும்.

(கதை 1932-இல் நடக்கிறது. ஐந்து வருஷம் கழித்து, விதவைக்கும் பங்கு உண்டென்று சட்டம் மாறியது. விளைநிலத்துக்கு அது செல்லுமா என்று நான் எழுதும் இந்த நாளிலும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.)

2

வைகையில் தண்ணீர் புரண்டோடிய ஐப்பசிக் காலையில் அன்னக்கொடி தன் ஈரக் கூந்தலை...

[அடித்துவிட்டேன். வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் எவரும் கதையைப் பார்க்கமாட்டார்கள்.]

கோச்சடையில் சுருளி என்ற பிள்ளையில்லாத குடியானவன் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தான். இரண்டு ஏக்கர் நஞ்சை, ஒரே பட்டா. முந்தின கோடையில் அவனும் தம்பி முத்திருளனும் நிலத்தை நடந்து அளந்து, நடுவே ஒரு வரப்பு போட்டு ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. பார்த்தவள் கஞ்சி கொண்டுபோன சுருளியின் மனைவி அன்னக்கொடி ஒருத்தி.

முத்திருளனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். பெரிய மீசை வைத்தேன், ஒட்டவில்லை, எடுத்துவிட்டேன். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவன் என்பதற்குமேல் அவனிடம் ஒன்றும் அகப்படவில்லை.

"மதினி, வருசா வருசம் ஒங்களுக்கு வேண்டிய நெல்லை நான் அளக்குறேன். கோர்ட்டு எதுக்கு?"

"நீ என்னய்யா எனக்கு அளக்குறது? எம் புருசன் பங்கை நானே அளந்துக்கிறேன்."

"வரப்பைச் சொல்றீகளா? அது தண்ணி நிக்க வெட்டுனது."

"அம்புட்டு மறதியா ஒனக்கு?"

பஞ்சாபகேசனை வக்கீலாக வைத்து வழக்குப் போட்டாள்.

3

கூண்டில் ஏறிய அன்னக்கொடியை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "நீங்க பிரிஞ்சிருந்தீங்களாம்மா?"

அவர் கேட்டது சொத்துப் பிரிவினையைப் பற்றி. நம் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டால், புருசனோடு வாழாதவளா என்று அர்த்தம்.

"யாரைப் பாத்துக் கேக்குற? பதினெட்டு வருசத்துல ஒரு பொழுது பிரிஞ்சதில்ல! எங்காத்தா வீட்டுக்குப் போனாக்கூட மறுநாளே வந்து வாசல்ல நிப்பாரு அந்த மனுசன். எங் கொழுந்தன் இந்தா நிக்கிறான், கேட்டுப் பாரு!"

கோர்ட் சிரித்தது. முத்திருளனும் சிரித்துவிட்டான், அண்ணன் அப்படித்தான் போய் நிற்பான். முன்சீப் எழுதிக்கொண்டார்: "ஒருபோதும் பிரிந்ததில்லை."

என் வாழ்நாளில் இவ்வளவு அழகான காதல் வசனம் எழுதியதில்லை. அதில்தான் அவளுடைய ஒரு ஏக்கர் போகிறது.

பஞ்சாபகேசன் பதறி எழுந்து கேள்வியை விளக்கினார். நிலம் பாகமானதை அவள் சொன்னாள்.

"வேற யார் பார்த்தா?" என்றார் முன்சீப்.

அன்னக்கொடி முத்திருளனைக் காட்டினாள்.

4

அவனைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கியாயிற்று. பஞ்சாபகேசன் கேட்கிறார்: "சுத்தி வளைக்காம சொல்லுப்பா. பாகம் ஆச்சா, ஆகலையா?"

["ஆச்சுங்க."] என் வாசகர்கள் காத்திருப்பது இதற்குத்தான். கையும் தானாக எழுதிவிட்டது. ஆனால் கொழுந்தன் நல்லவனாக இருந்தால்தான் அவளுக்கு நிலம் என்று ஆகிவிடுகிறதே? அடித்தேன்.

["ஆகலைங்க."] எழுதிய கையோடு, அறுவடைதோறும் அவள் அவன் வீட்டு வாசலில் நெல்லுக்கு ஓலைப்பெட்டியோடு நிற்பது தெரிந்தது. இதையும் அடித்தேன்.

நடந்தது என்ன என்று பஞ்சாபகேசனைக் கேட்கலாம். கேட்கவில்லை. நான் கூடப் பிறந்தவர் இல்லாதவன். உங்களில் பலருக்கு அண்ணனோ தம்பியோ இருப்பான். எழுதாத வரப்பு ஒன்றும் இருக்கும்.

முத்திருளன் வாயைத் திறந்துவிட்டான். முன்சீப்பின் பேனா காத்திருக்கிறது. கூண்டுக்குக் கீழே அன்னக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறாள். இனி அவன் சொல்லை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.