தாய்ப்பாறைத் துண்டு

இராக்கம்மா போத்தலை மேசையில் வைத்ததுமே, பதுளைப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான மாஸ்டர் ஜௌபர், பத்திரிகையில் தன் படம் வருவதாக முடிவு செய்துவிட்டார். எந்தப் பக்கம் திரும்பி நின்றால் வழுக்கை தெரியாது என்பது மட்டுந்தான் பாக்கி.

போத்தலில் கரிய எண்ணெய். நமுனுகுல தோட்டத்து மயானத்தில், போன வருஷம், எழுபத்தெட்டில், புதைத்த தன் கைக்குழந்தைக்கு அவள் பால் ஊற்றப் போயிருந்தாள். மண் பாலைக் குடித்தது. பிறகு இதைக் கக்கியது.

"நெலத்து எண்ணெய்னா மயானத்தையே தோண்டிருவாங்களாம், மாஸ்டர். மேல லொறி செட்டுலேர்ந்து வடிஞ்சதுனா விட்டுருவாங்களாம். நீங்க சொல்றதுதான் முடிவுன்னு தோட்டத்து தொரை சொல்லிட்டாரு."

"ஊட்டுல என் பேச்ச ஒருத்தரும் கேக்கிறல்ல. தொரையாவது கேக்கிறாரே."

பிள்ளைகள் வீடு போன பிறகு, ஆய்வுகூடத்தில், எண்ணெயில் பெற்றோலிய ஈதர் ஊற்றிக் குலுக்கினார். கறுப்புத் தூள் அடியில் படிந்தது. அதை வடித்து உலர்த்திச் சோதனைக் குழாயில் போட்டார்.

"லொறி எண்ணெயிலயும் தூள் படியும். அது வெறும் கரி, சுட்டா சும்மா கிடக்கும். நிலத்து எண்ணெய்ட தூளுக்கு அஸ்பால்டீன் எண்டு பேர். எண்ணெயப் பெத்த தாய்ப்பாறையிட துண்டு மாதிரி. எண்ணெய் எங்க ஓடினாலும் கூடவே போகும். சுட்டா, தாய் அண்டைக்கு விட்ட எண்ணெயையே திரும்ப விடும்."

"இத்தன காலம் கழிச்சுமா?"

"கோடி வருஷம் போனாலும்."

ஊவா மலைப்பாறைகள் பூமிக்குள் என்றோ வெந்து கருகியவை. அவற்றில் எண்ணெய் தேடுவது அடிப்பிடித்த சட்டியில் பால் தேடுவது போல. கரியாகத்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினார்.

குழாயின் கழுத்தில் பொன்னிறச் சொட்டு ஒன்று திரண்டது. பிறகு இன்னொன்று. அறையெங்கும் உப்பும் பாசியுமாய் ஒரு வாடை. கொழும்பில் படித்த காலத்தில் மாஸ்டர் அறிந்த வாடை.

"கடல்," என்றார்.

கடலையே காணாத இராக்கம்மா கண்ணை மூடி மூச்சிழுத்தாள். "இல்லீங்க மாஸ்டர். இது எம்புள்ள உச்சந்தல வாடை."

மாஸ்டர் சடக்கென்று விளக்கை அணைத்தார். குழாய் ஆறியது. சொட்டு நிற்கவில்லை.

"தொரைக்கிட்ட என்னா சொல்லப்போறீங்க?"

பத்திரிகைப் படத்தை மனசுக்குள் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதிலும் வழுக்கை தெரிந்தது.

"லொறி எண்ணெய் எண்டுதான்."

குழாயைத் தக்கையால் அடைத்து நீட்டினார். முந்தானையில் பொதிந்து மார்போடு அணைத்தவள் திடுக்கிட்டாள்.

"மேலு காயுதுங்க, காச்சலாட்டம்."

மாஸ்டர் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"மெதுவாத் தட்டிக் குடுத்துக்கொண்டு போங்க," என்றார். "பஸ்ஸுல முழிச்சிடப் போகுது."