போமி சலாம் சொல்வதில்லை

டப்பிங் தொழிலில் வாய் தெரிந்தால்தான் வம்பு. பாத்திரம் முதுகைத் திருப்பிவிட்டால் அதன் தலையில் எந்த வசனத்தையும் கட்டலாம், கேட்க ஆளில்லை. பிஷ்கேக்கில், வெளிநாட்டு கார்ட்டூன்களைக் கிர்கிஸில் பேசவைக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவின் டைரக்டர் தாலாய், இந்த வசதியை ஒரே காரியத்துக்குத்தான் பயன்படுத்தினார். குட்டிப் பாத்திரம் ஏதாவது பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நுழைந்தால், அது முதுகைத் திருப்பும்வரை காத்திருந்து ஒரு சலாமைச் செருகிவிடுவார். செருகாவிட்டால் ஒளிபரப்பான கையோடு ஸ்டூடியோவுக்குத் தாத்தாக்களின் போன் வரிசைகட்டும்.

இந்த வருடம் கைக்கு வந்தது போமி என்ற நீர்நாய்க்குட்டியின் தொடர். போமிக்குக் குரல் சைராகுல். நாற்பத்திரண்டு வயதில் எட்டு வயதுக் குரலில் பேசித்தான் அவள் ரொட்டி தின்கிறாள். இதுவரை கழுதை, வாத்து, பேசும் தேநீர்க் கெண்டி எல்லாம் பேசியிருக்கிறாள். எதுவும் அவளைத் தொந்தரவு செய்ததில்லை. போமி செய்தது.

போமி கூழாங்கற்களைப் பெரியது முதல் சிறியதுவரை வரிசையாக அடுக்கும். யார் பேசினாலும் அவர்கள் பாதத்தைப் பார்த்தே பதில் சொல்லும். மீன் மேல் கீரை பட்டுவிட்டால் இரண்டையும் தொடாது. கரடி மாமா, "உன் விளையாட்டெல்லாம் மூட்டை கட்டு" என்றால், போய்ச் சாக்கு தேடும். பாலங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஆறே வற்றிவிடும்.

பதிமூன்று பாகங்கள் முடிந்தன. பதினாலாவதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது, ஒலிப்பதிவு செய்யும் குந்துஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னாள்: "எஜே, என் நாத்தனார் பொண்ணு அச்சு அசல் இவன்தான்." எஜே என்றால் கிர்கிஸில் அக்கா.

"கல்லு அடுக்குவாளா?"

"பட்டன். வீட்டுல ஒரு சட்டையிலயும் பட்டன் இல்ல. ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சைராகுல் சிரித்தாள். "நீர்நாய்க்கும் சீட்டு எழுதிக் குடுத்திட்டாரா உங்க டாக்டர்?"

"படம் வரைஞ்சவங்க அப்படி எங்கயும் சொல்லல எஜே. எனக்குத் தெரியுது, அவ்வளவுதான். எங்க பொண்ணு டிவி முன்னாடி உக்காந்தா இவன மட்டும்தான் பாக்கிறா. இந்தக் காட்டுல ஒருத்தராவது இவன வெளிய போடான்னு சொல்றாங்களா, பாருங்க."

சைராகுலின் சிரிப்பு அத்தோடு நின்றது. அவளுக்குத் தங்கை புருலின் நினைவு வந்துவிட்டது. வந்தது என்ன, மேலே விழுந்து அழுத்தியது என்றே சொல்லலாம்.

ஆறு வருடத்துக்கு முன் சைராகுலின் மாமியார் வீட்டில் விருந்து. ஆடு அறுத்தால் எலும்புகளை வயதுப்படி பங்கிடவேண்டும், மூத்த பெண்ணுக்கு வாலடித் துண்டு, அடுத்தவருக்கு அடுத்தது என்று. கொஞ்சம் முன்பின் ஆனாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வரும். புருல் தாமதமாக வந்தாள். யாருக்கும் சலாம் சொல்லவில்லை. நேராக விரிப்புக்குப் போய், சின்ன மாமியாரின் தட்டிலிருந்த எலும்பை எடுத்து எதிரே இருந்த கிழவியின் தட்டில் வைத்தாள். அங்கிருந்ததை இங்கே மாற்றினாள். "இவங்க ஏழு மாசம் சின்னவங்க. பிறந்தது மார்ச்சு" என்றாள். கணக்கு சரிதான். சரியாக இருந்ததுதான் வினை. இருபது வருடமாக வயதைக் கூட்டிச் சொல்லி அந்த எலும்பைத் தின்றுகொண்டிருந்த சின்ன மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

சைராகுல் தங்கையை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கோபத்தில் என்னென்னவோ கத்தினாள். என்ன கத்தினாள் என்று இப்போது கேட்டால் அவளுக்கே தெரியாது. புருல் அவளுடைய செருப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ரஷ்யாவின் யெகாதெரின்பர்கில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலைக்குப் போனவள், பிறகு ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

தொடர்பு அறுந்துவிடவில்லை. எப்படி இருக்கிறாய் என்று எழுதினால், "நலம். இங்கே மைனஸ் பதினாலு" என்று பதில் வரும். விடுமுறைக்கு வரமாட்டாயா என்று கேட்டால், "இப்போதைக்கு இல்லை." கோபம் தீரவில்லை போலும் என்று சைராகுல் எடுத்துக்கொண்டாள். வா என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அவள் எழுதவே இல்லை. மூத்தவள் இறங்கிப் போவதா என்ற வீம்பு. ஆனால் சந்தையில் யாராவது தரையைப் பார்த்து நடந்துபோனால் பின்னாலேயே பத்தடி போய்விடுவாள், முகத்தைப் பார்க்கிறவரை மனம் கேட்காது. தங்கை வேண்டும், அதே வீட்டில், அதே விரிப்பில் எதிரே உட்கார்ந்து யாருடைய வயதையாவது திருத்தவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"எஜே, ரெடியா?" என்றாள் குந்துஸ்.

திரையில் போமி கரடி மாமாவின் குகைக்குள் நுழைந்து முதுகைத் திருப்பியது. தாளில், தாலாயின் கையெழுத்தில், சலாம். சைராகுல் வாயைத் திறக்கவில்லை. காட்சி ஓடி முடிந்தது.

"தூங்கிட்டியா?" என்று தாலாய் உள்ளே வந்தார்.

"பைகே, இவன் சலாம் சொல்லமாட்டான்" என்றாள் சைராகுல். பைகே என்றால் அண்ணன்.

"யாரு சொன்னா? அவன் உன்கிட்ட வந்து சொன்னானா?"

"வாய் தெரியுற இடத்துல ஒரு தடவையாவது சொல்றானா? முதுகு காட்டும்போதெல்லாம் நாமதான் திருட்டுத்தனமா சொல்ல வைக்கிறோம். மரியாதை தெரியாம இல்ல. இவன் அப்படித்தான். அந்தக் கரடிக்கே இது புரியுது."

"கரடிக்குப் புரியும். நரின் மலைக் கிராமத்துல இருக்கிற தாத்தாவுக்குப் புரியாது. போன் வந்தா நீ பேசுவியா?"

"பேசுறேன்."

"கரடிக் குரல்ல பேசு. அப்பத்தான் பயப்படுவாங்க." தாலாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிறார் என்றால் யோசிக்கிறார் என்று பொருள். "ஒரே ஒரு பாகம். பாப்போம்."

அந்தப் பாகம் சனிக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பானது. சைராகுல் தாத்தாக்களுக்குப் பதில் சொல்வதற்காகவே ஸ்டூடியோவில் தேநீரோடு காத்திருந்தாள். மூன்று பேர் அழைத்தார்கள். மூவரிடமும் வாதாடினாள், ஒருவரிடம் திட்டும் வாங்கினாள். நாலாவதாக வந்தது அழைப்பு அல்ல, அவளுடைய சொந்த போனில் ஒரு செய்தி. ஆறு வருடத்தில் புருல் தானாக எழுதிய முதல் செய்தி.

"இன்றைய பாகத்தில் போமி குகைக்குள் போகும்போது சலாம் சொல்லவில்லை. இது தவறா?"

சைராகுல் உடனே அழைத்தாள். நலமா கிலமா என்ற பேச்செல்லாம் இல்லை, புருல் எடுத்த எடுப்பில் கேட்டாள்: "மறந்துட்டீங்களா எஜே?"

"மறக்கல. நீ போமியப் பாக்கிறியா?"

"பதினாலு பாகமும் நெட்டுல பாத்தேன். உங்க குரல். ஏன் சொல்லல?"

"அவன் சலாம் சொல்ற ஆளே இல்லம்மா. முன்னாடி சொன்னதெல்லாம் நாங்க நுழைச்சது."

மறுமுனையில் கிடங்கில் எங்கோ வண்டி உருளும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் கத்துக்கிட்டது தப்பு" என்றாள் புருல்.

"என்னத்த கத்துக்கிட்ட?"

"சலாம். மத்தவங்கள பாத்துக் கத்துக்க முடியல, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க. போமி ஒரே மாதிரி சொல்றான். பதிமூணு பாகத்துல நாப்பத்தொரு சலாம். தினமும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிப் பாக்கிறேன். இன்னும் சரியா வரல. தொடக்கத்துலயே சத்தம் கூடிடுது."

"எதுக்குடி இதெல்லாம்?"

"நீங்கதானே சொன்னீங்க. மனுஷங்க மாதிரி சலாம் சொல்லத் தெரிஞ்சப்புறம் என் வாசப்படிய மிதின்னு. தெரிஞ்சதும் வரலாம்னு இருக்கேன்."

சைராகுல் தேநீரைக் கீழே வைத்தாள். அப்படியா சொன்னேன்? சொல்லியிருப்பாள். சொன்னவள் அன்றைக்கே மறந்துபோனாள். கேட்டவள் கோபப்படக்கூட இல்லை, ஆறு வருடமாக ஒரு அறையில் தனியாக நின்று வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வா" என்றாள் சைராகுல். "புருல், நீ வா. சலாம் வேணாம்."

"இந்த ஒரு தடவைக்கா, எப்பவுமா?"

"எப்பவும்."

"உள்ள வந்ததும் சலாமுக்குப் பதிலா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யவேணாம். வந்து உக்காரு, போதும்."

"சரி. எந்தத் தேதி?"

சைராகுல் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்து ஒரு எண்ணும் தெரியவில்லை.

"எஜே, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் புருல். "தேதி சொல்லுங்க."