யாசென்காவின் மொட்டைத் தட்டு

1

இந்தக் கதையை நானே யோசித்து எழுதினேன் என்றால் அது பொய். டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அதே மாடியில் இருக்கும் எதிர்வீட்டு யாசென்கா என் கதவைத் தட்டினாள்.

"முளைக்கிற கோதுமை ஒரு கைப்பிடி இருக்கா? ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

கதை எழுதுகிறவனிடம் போய் ஏன் என்று கேட்காதே என்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். கேட்டேன். என் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். எழுதிக்கொள்ளவும் சொன்னாள். "என் பேரையும் பொண்ணு பேரையும் மாத்திடுங்க. என் புருஷன் பேரை மாத்தாதீங்க, அந்த ஆளுக்கு வேணும்."

2

முதல் தொடக்கம்: ஒசியெக் நகரத்தின் கூரைகள் மேல் பனி மெல்ல

(பெய்யவில்லை. மூன்று வருஷமாக இங்கே கிறிஸ்துமஸுக்கு மழைதான். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: யாசென்காவுக்கு ஆசைகள் குறைந்துபோன வயதில்

(இதுவும் பொய். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, அது குறையவே இல்லை.)

சரி, நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். டிசம்பர் முதல் வாரம், நிலவறையிலிருந்து அலங்காரப் பெட்டிகளைத் தூக்கிவரக் கிளம்பிய கணவர் ஸ்லாவ்கோவை அவள் வாசலில் மறித்தாள்.

"பெட்டி வேணாம்."

"ஏழும் வேணாமா?"

"ஒண்ணுகூட வேணாம். மரம், விளக்குச்சரம், பரிசுப் பொட்டலம், எதுவும் வேணாம். கோதுமைத் தட்டு ஒண்ணு போதும்."

"உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. போன வருஷம் அயர்லாந்திலிருந்து மகள் திஹானா ஐந்து நாள் வந்திருந்தாள். அதில் மூன்று நாள் கடைகளில் போனது. மிச்ச நேரத்தில் அம்மா முக்காலி மேல் நின்று விளக்குச்சரத்தின் சிக்கெடுத்தாள், மகள் தரையில் உட்கார்ந்து பரிசுகளுக்குத் தாள் சுற்றினாள். அசதியில் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. ஐந்தாம் நாள் விமான நிலையத்தில்தான் மகளின் முன்தலையில் நரை ஓடியிருப்பதை யாசென்கா பார்த்தாள். பெற்றவளுக்கு அது தாங்கவில்லை.

3

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவில் திஹானாவைப் படாடோபக்காரியாக எழுதிவைத்திருந்தேன். பெரிய பெட்டி, பெரிய பேச்சு, வாங்கிவந்ததைக் கடைபரப்பும் குணம். எழுத எளிதான பெண். ஆனால் தொலைபேசியில் அவள் சொன்னதை யாசென்கா அப்படியே சொல்லிக்காட்டியபோது அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

"இந்த வருஷம் ஒண்ணும் வாங்கிட்டு வராதடி. நீ வந்தா போதும்."

"அப்ப நான் கொண்டு வர்றது எதுவும் உனக்குப் பிடிக்கல."

"அப்படி இல்லடி..."

"வருஷம் பூரா அங்க முதியோர் இல்லத்துல யார் யாரோட அம்மாவையோ குளிப்பாட்டி விடறேன். என் அம்மா பக்கத்துல நான் இல்ல. வெறுங்கையோட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?"

பிறகு திஹானா, "லீவு கிடைக்குமான்னு தெரியலம்மா" என்று வைத்துவிட்டாள். யாசென்கா உடைந்துபோனாள்.

4

லூசியா திருநாளன்று, டிசம்பர் பதின்மூன்று, நாங்கள் தட்டில் கோதுமை விதைப்போம். கிறிஸ்துமஸ் மேஜையில் பயிர் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறதோ, வரும் வருஷம் அவ்வளவு செழிப்பு.*

யாசென்கா விதைத்தாள், தண்ணீர் தெளித்தாள். அந்தத் தட்டை நம்பித்தான் எல்லாவற்றையும் வேண்டாம் என்றிருந்தாள். ஐந்து நாளாகியும் ஒரு முளை இல்லை, புளித்த வாடைதான் வந்தது. குப்பைக்கூடையைக் கிளறிக் கோதுமைப் பையை எடுத்துப் படித்தாள்.

"ஸ்லாவ்கோ! இது வேகவைக்கிற கோதுமை! உமி நீக்கித் தீட்டினது!"

"கோதுமைதானே கேட்ட?"

"கண்ணை எங்க அடகு வெச்ச மனுஷா?"

அந்த நேரம் பார்த்துத் திஹானாவின் அழைப்பு வந்தது. மறைக்கத் தெரியாமல் யாசென்கா அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்: "தட்டு மொட்டையா இருக்குடி. உன்னையும் வராம பண்ணிட்டேன், இதுவும் முளைக்கல."

மறுமுனையில் சிரிப்பு. போன வருஷத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"அப்பா சமைக்கிற கோதுமையவா வாங்கிட்டு வந்தாரு? ஐயோ! சரி, அழாத. எதிர்வீட்டுல நல்லதா ஒரு கைப்பிடி கேளு. ராத்திரி பூரா ஊறவை, ஈரத்துணி போட்டு மூடி, வெந்நீர்க்குழாய் பக்கத்துல வை. நாளைக்குக் காலையில எனக்குக் காட்டு."

காட்டினாள். மறுநாளும் காட்டினாள். ஞாயிறு மட்டும் அழைக்கிற மகள் இப்போது தினமும் காலையில் அழைத்து, கைப்பேசியில் தட்டைப் பார்த்து, "தண்ணி ஜாஸ்தி விடாத" என்று அதட்டுகிறாள். பயிர் இன்னும் பாதி விரல்தான். யாசென்கா பூரித்துப்போயிருக்கிறாள்.

* நம்பிக்கை இல்லாதவர்களும் விதைக்கிறார்கள். நான் விதைத்தது அடர்த்தியாகவே வந்திருக்கிறது, அதைப் பற்றி யாராவது கேட்டால் நல்லது.

5

முடிவுகள்:

அ) திஹானா ஒரு தோள்பையோடு வருகிறாள். (இனிப்பு கூடிவிட்டது.)

ஆ) திஹானாவுக்குப் பதிலாக வேலை பார்க்க ஆள் கிடைக்கவில்லை. மேஜையில் மீன் குழம்பு, பாதி விரல் பயிர், கைப்பேசிக்குள் மகள். (நடக்கக்கூடியதுதான். எழுத மனம் வரவில்லை.)

இ) மூன்று பெரிய பெட்டிகளோடு வந்து மறுபடியும் அம்மாவோடு

இன்று இருபத்து மூன்று. மூன்றாவது முடிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே வாசல் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். மின்தூக்கி பழுது. பெட்டிச் சக்கரங்கள் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு ஏறுகின்றன. இரண்டாம் மாடிக்காரர் வியன்னாவிலிருந்து இன்று திரும்பவேண்டியவர், அவராகவும் இருக்கலாம். எழுந்துபோய் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் போகப்போவதில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது. செருப்புக் காலோடு யாசென்கா ஓடிவருவது கேட்கிறது. யாரென்று அவளுக்கும் தெரியாது. கைப்பிடிச் சுவர்மேல் குனிந்திருப்பாள், கீழே குரல் கொடுக்கிறாள்:

"எத்தனை பெட்டியா இருந்தாலும் பரவாயில்ல! மெதுவா ஏறி வா!"

படிக்கட்டில் சக்கரங்கள் நின்றுவிட்டன. கீழேயிருந்து வரும் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.